முகப்புக்கு வேலை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வணிக வளாகங்களின் புதிய முகப்புகளைப் பக்கம் பக்கமாகப் படங்களோடு அறிமுகப்படுத்திய தங்கள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அந்த முகப்புகள் வெயிலை எப்படித் தடுக்கின்றன, மழைநீரை எந்த வழியாக வெளியேற்றுகின்றன, தீப்பிடித்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. முகப்பு வேலையே தொழிலாக இருக்கும் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

ஒரு காலத்தில் வெளிச்சுவர்தான் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கியது. 1880களில் சிகாகோவில் இரும்புச் சட்டகம் வந்த பிறகு பாரம் தூண்களுக்குப் போனது. சான் பிரான்சிஸ்கோவின் ஹாலிடி கட்டடம் 1918லேயே தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடியைத் தொங்கவிட்டது. பாரம் போனாலும் வெயில், மழை, காற்று, சத்தம், தீ எல்லாம் இன்றும் முகப்பின் தலையில்தான் விழுகின்றன.

முதலில் வெயில். கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் தரையிலும் மேசையிலும் பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டித் திரும்பிப் போவதில்லை. உள்ளே திரை போட்டால் கண்கூசுவது குறையும். வெப்பமோ ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது, ஏ.சி.தான் அதைச் சுமக்க வேண்டும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். அதிலும் கிழக்கு, மேற்குப் பக்கங்களில் வெயில் தாழ்ந்து சாய்வாக வருவதால் படுக்கைவாட்டு சன்ஷேடு மட்டும் போதாது, செங்குத்துத் தடுப்புகள் தேவை. அபுதாபியில் 2012ல் கட்டி முடிக்கப்பட்ட அல் பஹர் கோபுரங்களில் வெயில் நகர நகர வெளித்தடுப்புகள் விரிந்து மூடுகின்றன. அவ்வளவு செலவு எல்லோருக்கும் கட்டாது. நிலையான தடுப்பே பெரும்பாலான கட்டடங்களுக்குப் போதும், அதைத் திசை பார்த்து வைத்தால். திசையையும் வளைவையும் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம் சாட்சி. அதன் குழிந்த கண்ணாடி முகம் 2013ல் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகுதான் வெளியே தடுப்புகள் பொருத்தினார்கள்.

அடுத்து மழை. இதில்தான் அடிக்கடி தப்பு நடக்கிறது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நல்ல அலுமினிய ஃபிரேமில் வெளி ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்பது முன்கூட்டியே எதிர்பார்த்த விஷயம். அந்தத் தண்ணீர் ஃபிரேமின் அடிக்காடியில், அதாவது அடிப்பகுதியில் உள்ள பள்ளத்தில் இறங்கி, கீழே உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே வடிந்துவிடும். பராமரிப்புக்கு வரும் ஆள் அந்தத் துளையில் ஈரக்கசிவைப் பார்த்து, ஓட்டை என்று நினைத்து, சிலிக்கான் பசையைப் பீய்ச்சும் கன்னை எடுத்து அடைத்துவிடுகிறார். அடுத்த மழையில் காடி நிரம்பி, தண்ணீர் உட்பக்க விளிம்பைத் தாண்டிக் கீழ்த்தள ஃபால்ஸ் சீலிங்கில் இறங்குகிறது. உடனே இன்னும் கொஞ்சம் சிலிக்கான். இப்படி நாலு பக்கமும் அடைபட்டு, கண்ணாடி தண்ணீரில் நின்ற முகப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியேற வழி இருக்கும்வரைதான் அந்த ஃபிரேம் வேலை செய்யும்.

காற்று கண்ணாடியை உள்ளே தள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கட்டடத்தின் மூலைகளில் அது வெளியே உறிஞ்சி இழுக்கும். அந்த இடங்களில் பிடிமானம் கூடுதலாக இருக்க வேண்டும். பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் 1970களில் கண்ணாடிகள் கழன்று விழுந்ததற்குக் காரணம், இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த ஈய இணைப்பு அசைவுக்கு இடம் கொடுக்காமல் விறைப்பாக இருந்ததுதான். கடைசியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளை மாற்றினார்கள்.

தீயைப் பற்றி எழுதாமல் விட முடியாது. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளியே பொருத்தியிருந்த அலுமினியத் தகட்டின் நடுவில் பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக் இருந்தது. அதன் வழியாகத் தீ மேலேறியது. அது குடியிருப்புதான். ஆனால் ஏ.சி.பி. என்று சொல்லப்படும் அதே வகை அடுக்குத் தகடுகள் கடை முகப்புகளிலும் ஒட்டப்படுகின்றன. வாங்கும்போது நிறம் கேட்கிறோம், நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இன்னொன்று, தளத்தின் விளிம்புக்கும் தொங்கும் கண்ணாடிக்கும் நடுவே சில விரற்கடை இடைவெளி இருக்கும். அதில் ராக் வூல் என்ற, தீப்பிடிக்காத பாறை இழைப் பஞ்சை நெருக்கித் திணித்து, மேலே தீத்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. அதனாலேயே அது பல இடங்களில் காலியாக விடப்படுகிறது. புகை ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்கு ஏறும் வழி அதுவே. புகை வெளியேற உதவும் திறக்கக்கூடிய ஜன்னல்களை மறைத்து விளம்பரப் பலகை அடிப்பதும் இதே அலட்சியம்தான்.

உரிமையாளர்கள் முகப்பைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கணினியில் வரைந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான். தங்கள் இதழைப் படித்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, அடுத்த முறை ஒரு முகப்பின் படத்தை வெளியிடும்போது அதன் பக்கத்திலேயே குறுக்குவெட்டு வரைபடத்தையும் சேர்த்துப் போடுங்கள். தண்ணீர் எங்கே வடிகிறது, தள விளிம்பை எது அடைக்கிறது, கண்ணாடி துடைக்க வருபவர் தன் கயிற்றை எந்தக் கொக்கியில் மாட்டுவார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

இப்படிக்கு,
கட்டட முகப்புப் பொறியாளர் ஒருவர்