தாளாளர் அவர்களுக்கு: வராண்டாவில் உட்காரும் பிள்ளைகள் பற்றி

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எந்தச் சமயத்தார் நடத்தும் பள்ளி, நாங்கள் எந்தச் சமயம் என்பதையும் எழுதவில்லை. எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். உங்களைத் திட்ட ஒரு கூட்டம் வரும், என்னைத் திட்ட இன்னொரு கூட்டம் வரும், பிள்ளைகள் வராண்டாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் படித்தால் உங்களுக்கே தெரியும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எங்கே இதே வழக்கம் இருந்தாலும், அந்தப் பள்ளித் தாளாளர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். சமய வகுப்புக்குப் போகாத பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் கோடை விடுமுறையோடு வேலையை விட்டுப் போனார். வேறு ஆள் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சமய வகுப்பிலேயே உட்காரட்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பெற்றோர் கையெழுத்துக்கு அதில் இடமில்லை. நாங்கள் சிலர் மட்டும் ‘எங்கள் பிள்ளைகள் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் முதல் பீரியட் எங்கள் பிள்ளைகளுக்கு வராண்டாதான்.

கேட்க வந்தபோது ஆபீசில் சொன்ன பதில்: “இஷ்டமில்லைன்னா டி.சி. வாங்கிக்கோங்க.”

ஐயா, எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து காலை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் மேல் வகுப்புவரை உள்ள பள்ளி உங்களுடையது ஒன்றுதான். டி.சி.யை வாங்கிக்கொண்டு பிள்ளையை எங்கே கூட்டிப்போவது என்று அந்தப் பதிலைச் சொன்னவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த வராண்டாவை நீங்கள் காலை ஒன்பதரை மணிக்கு ஒருநாள் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் கோத்தகிரிப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே பள்ளத்திலிருந்து எழும்பும் மூடுபனி நேரே அந்த வராண்டாவுக்குள் வந்துதான் நிற்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துவந்ததில் நனைந்த சாக்ஸ் காய்வதற்கு வழியில்லை. சிமென்ட் தரையில் ஆளுக்கொரு கோணிச்சாக்கு. ‘எழுத்து வேலை செய்யுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். என் மகளின் கணக்கு நோட்டை வீட்டில் விரித்துப் பார்த்தேன். பனியில் நமத்துப்போன தாளில் மை ஊறி, 6 எது 8 எது என்று தெரியவில்லை. ‘கையெழுத்தைத் திருத்திக்கொள்’ என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. எழுதிய டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பக்கம் எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

குளிரைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. தாமதமாக வந்த பிள்ளையையும், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையையும் நிறுத்தி வைக்கிற இடமும் அதே வராண்டாதான். போகிற வருகிற பிள்ளைகளுக்கு இது வேறு அது வேறு என்று தெரியாது. ‘நீ என்ன தப்பு பண்ணினே?’ என்று ஒரு சின்ன வகுப்புப் பிள்ளை கேட்டதாம். என் மகள் பதில் சொல்லத் தெரியாமல் வந்து என்னிடம் கேட்டாள். அவளோடு உட்காருகிற, இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர் வீட்டுப் பெண்ணுக்கும் இருளர் வீட்டுப் பையனுக்கும் யார் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் முக்கியமாகக் கேட்பது இரண்டு. சமய வகுப்பில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கும் முன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொடுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த உரிமை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ, எதுவானாலும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. பிள்ளை மைனராக இருந்தால் பாதுகாவலர் சம்மதம் தர வேண்டும். ‘மற்ற பெற்றோர் யாரும் ஆட்சேபிக்கவில்லையே’ என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆட்சேபிக்காமல் இருப்பது சம்மதம் தந்ததாக ஆகாது. சம்மதத்தைக் கேட்டு வாங்குவது பள்ளியின் வேலை. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தரும் 30-ஆவது பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது, அதை நான் மனதார மதிக்கிறேன். அந்த உரிமையில் நடக்கும் பள்ளியானாலும், பெரும்பான்மையினரின் அறக்கட்டளை நடத்தும் பள்ளியானாலும், 28(3) ஒன்றுதான்.

சமயத்தைப் பள்ளியில் சொல்லித்தரவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. இலங்கை மலையகத் தமிழர்களைப் பற்றி இரண்டு நாட்டு அரசுகளும் 1964-இல் போட்ட ஒப்பந்தம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியதும், 1976-இல் அது டேன்டீ என்ற அரசுக் கழகம் ஆனதும் இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் இலங்கையில் அட்டன் பக்கம் இருக்கிறார்கள். அங்கே சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரப் பரீட்சை என்ற பள்ளிப் பொதுத்தேர்வில் எழுதியாக வேண்டும். ஆனால் அவரவர் சமயம். சைவநெறிக்கு ஒரு புத்தகம், பௌத்தத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, மற்றக் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, எல்லாமே அரசாங்கம் அச்சடிப்பது. என் பெரியம்மா மகளின் பெண் தன் சமயப் பாடத்தை எழுதியபோது பக்கத்து பெஞ்சுக்காரி தன்னுடையதை எழுதினாள். அங்கேயும் குறை உண்டு. ஒரு பள்ளியில் ஒரு சமயத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களுக்கு ஆசிரியர் கிடைப்பது பாடுதான் என்று அக்கா சொல்வார். அந்த ஏற்பாடுதான் சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்து உட்காரவைத்துச் சொல்லித்தருவது நல்லதா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் உன் வீட்டுக் கடவுள் தப்பு என்று எழுதினால்தான் மார்க் என்ற நிலை அந்தப் பிள்ளைக்கு வரவில்லை.

மலேசியாவில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி. மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி, அதற்கும் பாடநூல் உண்டு, ஆசிரியர் உண்டு. சிங்கப்பூர் 1984-இல் மேல் வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கியது, மாணவர் தேர்ந்தெடுக்கும்படி இந்து சமயம், பௌத்தம், விவிலியம், இஸ்லாம், கன்பூசிய நெறி என்று வைத்தது. சில ஆண்டுகளிலேயே, 1989-இல், கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளியிலேயே சமயம் முறையான பாடம். ஆனால் பிள்ளை அதில் சேருவதா என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு என்று அவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவே சொல்கிறது. விலகிய பிள்ளைக்குப் பல மாநிலங்களில் அறவியல் வகுப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 1944-லிருந்து சமயக் கல்வி சட்டப்படி கட்டாயம், அதே சட்டம் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையையும் பெற்றோருக்குக் கொடுத்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பள்ளியுடையதே.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை நீங்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். ‘ஏன் வேண்டாம்? எழுத்தில் காரணம் கொடுங்கள்’ என்று எங்களிடம் கேட்டார்கள். நார்வேயில் 1997-இல் ஒரு புதிய சமயப் பாடத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து முழு விலக்கு இல்லை, சில பகுதிகளுக்கு மட்டும் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம் என்று வைத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பெற்றோரின் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. தன் வீட்டு நம்பிக்கையைப் பள்ளிக்கூடத்தில் விரித்துக்காட்டும் கட்டாயம் ஒரு பெற்றோருக்கு வரக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு முக்கியமான விஷயம். லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

வராண்டா விஷயத்துக்கும் முன்பே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் என்ற ஊர். அரசுப் பள்ளிக்குள்ளேயே வகுப்பு நேரத்தில் மதபோதகர்கள் வந்து சமயம் நடத்தினார்கள். அங்கே பெற்றோரிடம் கையெழுத்திட்ட அட்டைகூட வாங்கினார்கள். வஷ்டி மெக்கல்லம் என்ற தாய் தன் மகனுக்கு அந்த வகுப்பு வேண்டாம் என்றார். பையனைத் தாழ்வாரத்தில் தனியாக ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார்கள். போகிற வருகிற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்தத் தாய் வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றங்களில் தோற்றார், 1948-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசுப் பள்ளிக் கட்டடத்தில் அப்படிச் சமய போதனை நடத்தக்கூடாது என்று தீர்ப்பு. அது அரசுப் பள்ளி, உங்களுடையது தனியார் பள்ளி, அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டாது. ஆனால் தாழ்வாரத்தில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. அதற்குப் பிறகும் கோத்தகிரியில் பனியில் கோணிச்சாக்கு போடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சமயங்களைப் பற்றிச் சொல்லித்தருவதற்கு நம் நாட்டில் தடை எதுவும் இல்லை. 2002-இல், பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைத் தெளிவாக்கியது. ஒரு சமயத்தை நம்பச் சொல்வது வேறு, சமயங்களைப் பற்றித் தெரியவைப்பது வேறு. அப்படி ஒரு வகுப்பு நீங்கள் வைத்தால் என் மகளைக் குளிப்பாட்டித் தலைசீவி நானே முதல் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைப்பேன். இந்த மலையில் அதற்குப் பாடத்துக்கா பஞ்சம்? பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர்கள் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருகிறார்கள். தோடர்களுக்குப் பால் கறந்து வைக்கும் இடமே கோயில். கோத்தர்கள் அய்யனோர் அம்மனோர் பண்டிகையில் தாங்களே வாசித்து ஆடுகிறார்கள். சர்ச்சும் பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் ஒரே சரிவில் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. உங்கள் பள்ளியில் அந்தக் கோத்தர் வீட்டுப் பெண்ணின் சமயத்துக்கு எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை. அவள் எல்லாருக்கும் சொல்லித்தரக்கூடிய ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆண்டுக்கு ஆண்டு ஃபீஸ் ஏறுகிறது. ஸ்மார்ட் கிளாஸ், புதிய கேட், ஆண்டுவிழாவுக்குப் பெரிய பந்தல் எல்லாம் வந்துவிட்டன. தேயிலைக்கு விலை இல்லாத மாதத்திலும் நாங்கள் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு பீரியட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போட முடியவில்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. ஆசிரியர் கிடைக்கும்வரை லைப்ரரியைத் திறந்துவிட்டாலே போதும். லைப்ரரி அந்த நேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பெரியவர்களாகிய நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பள்ளியில்தான் என் மகள் ஆங்கிலம் பேசப் பழகினாள், மேடையேறப் பழகினாள். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் வேறெங்கும் புகார் கொடுக்காமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எல்லாப் பெற்றோருக்கும் ஒப்புதல் படிவம் அனுப்புங்கள், தமிழில் அனுப்புங்கள், ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ இரண்டுக்கும் கட்டம் இருக்கட்டும், காரணம் கேட்காதீர்கள். சமய வகுப்பின் மதிப்பெண்ணை ரேங்க் கணக்கில் சேர்க்காதீர்கள். வராத பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொடுங்கள். அறை தயாராகும்வரை, வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்தே, லைப்ரரிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவைக்கும்படி உத்தரவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். நாங்கள் எல்லாரும் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
கோத்தகிரி வட்டம்