மூக் இல்ல சார், மோக்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை இணைப்புல மினிமோக்ங்கிற அந்த பழைய சிந்தசைசர் (மின்சாரத்துல சத்தத்த உருவாக்குற கீபோர்டு) பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நம்ம பேப்பர்ல இதையெல்லாம் கூட எழுதுறாங்களேன்னு சந்தோஷம்தான், ஆனா சில விஷயம் இடிக்குது. மொதல்ல பேரு. அத தயாரிச்ச கம்பெனிய ஆரம்பிச்ச ராபர்ட் மோக் தன் பேர "மோகம்"ல வர்ற மாதிரிதான் சொல்வாரு, நீங்க பக்கம் பூரா மினிமூக் மினிமூக்னு போட்டதுல வீட்ல பசங்க மூக்க புடிச்சுகிட்டு சிரிக்கிறாங்க.

அப்புறம், 1968ல அமெரிக்க இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ், பாக்ங்கிற ஐரோப்பிய மேதையோட இசைய வாசிச்சு போட்ட ரெக்கார்டு இதுலதான் வாசிச்சதுன்னு இருக்கு. மினிமோக் வந்ததே 1970ல சார். அவங்க வாசிச்சது ஒயர் ஒயரா குத்தி வாசிக்கிற பெரிய மாடுலர் மோக், அலமாரி சைஸ்ல இருக்கும், அத சுருக்கி ஒரே பொட்டியில அடக்குனதுதான் மினி.

ரொம்ப உறுத்துனது "கம்ப்யூட்டர் இசை"ங்கிற வார்த்தை. அதுல கம்ப்யூட்டரே கிடையாது! சத்தத்த உண்டாக்குற மூணு ஆசிலேட்டர், அத செதுக்குற ஒரு ஃபில்டர், அவ்ளோதான், ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வரும், மெமரியும் இல்ல, அடுத்த பாட்டுக்கு வேற சவுண்டு வேணும்னா நாப் நாபா கையாலதான் திருப்பணும், எது எங்க இருக்கணும்னு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்குவாங்க. ஒரு நண்பர் ஸ்டுடியோவுல பழைய செட் ஒண்ண வாசிச்சிருக்கேன், ஏசி போட்ட கொஞ்ச நேரத்துல சுருதி நகந்துடுச்சு, தம்புரா மாதிரி மறுபடி சேத்துகிட்டுதான் உக்காந்தோம். ஆனா ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்க வைக்கிற கிளைடு நாப்ப லேசா ஏத்திட்டு ச-ல இருந்து ப-வுக்கு போனா வயலின்ல ஜாரு புடிச்ச மாதிரியே வழுக்கிட்டு போகுது, இடது கை வீல்ல கமகம் கூட கொஞ்சம் ஒத்துவருது. இதையா கம்ப்யூட்டர்ங்கிறது?

ஜெர்மன் குரூப் கிராஃப்ட்வெர்க் பத்தி எழுதுனீங்க, சரி. அமெரிக்க கீபோர்டு பிளேயர் பெர்னி வொரல்ல விட்டுட்டீங்களே! 1977ல பார்லிமென்ட்ங்கிற குரூப்போட "ஃப்ளாஷ் லைட்" பாட்டுல பேஸ் கிட்டார் வர்ற எடத்துல மினிமோக்கதான் வாசிச்சாரு, ஸ்பீக்கர் அடிவயித்துல இருந்து உறுமுற மாதிரி இருக்கும், அமெரிக்காவுல அதுக்கப்புறம் வந்த ஃபங்க், ஹிப்ஹாப் பேஸ கேட்டா அந்த உறுமல் தெரியும். எனக்கு அவர்தான் ஒசத்தி.

போட்டோவும் வேற எதோ கீபோர்டு சார். மினிமோக்ல 44 கீதான் இருக்கும், நீங்க போட்டதுல 61 எண்ணிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கச்சேரி கீபோர்டு பிளேயர், திருச்சி