ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் பறவை நோக்கர் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் அவரைப் பார்த்துவிடுவது நல்லது.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, அந்தரத்தில் நிற்கும் பறவைகளையே இவ்வாண்டு முழுக்கக் கவனித்தோம். கோவை சிங்காநல்லூர் குளத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குத்தான் முதல் மரியாதை. அலகைக் கீழ்நோக்கி வைத்து, உடலை நிமிர்த்தி, இறக்கையைப் படபடவென அடித்தபடி நீருக்கு மேல் நிற்கும். மீன் நழுவினால் இடம் மாறி மறுபடி நிற்கும். சின்ன மீன் என்றால் பறந்தபடியே விழுங்கிவிடும். உட்காரக் கிளை தேவையில்லாததால் நடுக்குளமும் அதற்கு வேட்டைக்காடு.

குளிர்காலத்தில் வலசை வரும் வல்லூறின் (கெஸ்ட்ரல்) வழி வேறு. காற்று வீசும் வேகத்திலேயே அதை எதிர்த்துப் பறப்பதால், தரையிலிருந்து பார்த்தால் நகர்வதே தெரியாது. இறக்கையும் வாலும் ஆடும். தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் நிற்கும். தொலைநோக்கியில் அதைப் பார்த்த புது உறுப்பினர்கள் பிறகு ஒரு நடையையும் தவறவிடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நன்றி. அது ஓய்ந்த காலைகளில் வல்லூறு மின்கம்பியில் உட்கார்ந்துவிடும், நாங்கள் டீக்கடையில்.

பொறியியல் மாணவர்கள் நடத்திய அமர்வுதான் இவ்வாண்டில் சிறந்தது என்பேன். ஹெலிகாப்டர் மிதமான வேகத்தில் முன்னேறுவதைவிட ஒரே இடத்தில் நிற்பதற்கே அதிக சக்தி வேண்டும். முன்னேறும்போது சுழலிக்குப் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். நிற்கும்போது, தான் கீழே தள்ளிய காற்றோடு தானே மல்லுக்கட்ட வேண்டும். செவ்வாயில் காற்றின் அடர்த்தி இங்கிருப்பதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அங்கே 2021 ஏப்ரல் 19 அன்று, நாசாவின் 1.8 கிலோ குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி 3 மீட்டர் உயரம் எழும்பி நின்று இறங்கியது. மொத்தம் 39 விநாடி. சுழலிகள் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுற்றின. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பாலராம் சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர் என்றதும் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

ஒரு வருத்தம். கல்யாணப் படப்பிடிப்பு டிரோன்கள் குளத்தின் மேல் தாழப் பறந்து, கூட்டிலிருக்கும் பறவைகளைக் கலைக்கின்றன. படக்காரர்களிடம் நேரில் பேசினோம், சிலர் கேட்டுக்கொண்டார்கள். கூடு கட்டும் மாதங்களில் குளத்தின் மேல் டிரோன் பறக்கத் தடை கோரும் மனுவைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

அறிக்கையையும் தீர்மானத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்