அண்ணா, இதைத் தனியாகப் படியுங்கள்

உட்ரெக்ட், நெதர்லாந்து
ஞாயிறு காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பீர்கள். போன் என்றால் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். அதனால்தான் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

மார்ச் மாதம் எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். அப்போது சளிக்காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னது பொய். எட்டு மாதமாக மறைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், மறுபடி சைக்கிள் ஓட்டுகிறேன். முதலில் அதை நம்பிவிட்டு மேலே படியுங்கள்.

இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மலையே கிடையாது. நம் சேலம் ஊரே கடல்மட்டத்திலிருந்து 270 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்த நாட்டின் ஐரோப்பியப் பகுதியில் ஆக உயரமான இடமே 322 மீட்டர்தான். எங்கள் பக்கம் அமெரோங்கன் என்று ஓர் ஊர், அங்கே 69 மீட்டர் மேட்டுக்கு 'பெர்க்', அதாவது மலை என்று பெயர். ஏற்காடு ஏறிய காலுக்கு இது என்ன என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. லெக் ஆற்றங்கரை மேல் சைக்கிள் பாதை போகிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஆடு மேயும் புல்வெளி, ஒதுங்க ஒரு மரம் இருக்காது. மேற்கே திரும்பினால் காற்று முகத்தில் அறையும். கொண்டை ஊசி வளைவிலாவது திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு விடலாம். இந்தக் காற்று விடாது, 20 கிலோமீட்டரும் ஒரே ஏற்றம் மாதிரி.

போன வருடம் ஐப்பசியில் ஆரம்பித்தது. குளிர்காற்றில் பத்து நிமிடம் அழுத்தி மிதித்தால் நெஞ்சு நடுவில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஓர் இறுக்கம். இடது தாடைவரைக்கும் வரும். இறங்கி நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். ஏறி மிதித்தால் திரும்பப் பிடிக்கும். வலி என்று சொல்ல முடியாது, அதனால்தான் ஏமாந்தேன். குளிர் என்று நினைத்தேன், வயது 43 ஆகிறது என்று நினைத்தேன், இரவு சாப்பிட்ட கொண்டைக்கடலை என்று கூட நினைத்தேன்.

இங்கே குடும்ப மருத்துவரைத் தாண்டி நேராக இதய மருத்துவரிடம் போக முடியாது. அவர் அனுப்பினால்தான் உண்டு. போனேன். தசைப்பிடிப்பாக இருக்கும், பாரசிட்டமால் போட்டுப் பாருங்கள் என்றார். ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜியில் இது தெரியாமலே போகலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை, அண்ணா. அப்பா எப்படிப் போனார் என்று அந்த மருத்துவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 'அப்பாவுக்கு வாயு' என்று நாம் அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அதுவே எனக்கு உண்மையாகிவிட்டிருந்தது.

கண்டுபிடித்தது பெரியவள்தான். இங்கே பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போவதை அம்மா இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார். ஒரு காலத்தில் இவர்களுக்கும் நம் ஊர் கதைதான். 1971-ல் மட்டும் 3,000 பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் இந்தத் தனிப் பாதைகள் வந்தன. அந்தப் பாதையில் ஒரு நாள் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனோம். பாலம் ஏறும் முன்னால் நான் இறங்கிவிட்டேன். 'அப்பா, நீங்க தினமும் இந்த இடத்துல ஏன் போன் பாக்கறீங்க?' என்றாள். போன் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு நான் மூச்சு வாங்குகிறேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று இரவே என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். மறுநாள் அவளே கூட வந்து மருத்துவரிடம் அப்பா விஷயத்தைச் சொன்னாள். அதே வாரம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

நம் ஊரில் டிஎம்டி என்று ஓடும் பட்டையில் நடக்கவிடுவார்களே, இங்கே அதற்குச் சைக்கிள். மார்பில் ஒயர் ஒட்டி, மிதிக்கச் சொல்லி, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஐந்தாவது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி 'போதும், நிறுத்துங்கள்' என்று என் தோளில் கை வைத்தார். முன்பக்க ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. மணிக்கட்டு வழியாகவே உள்ளே போய் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு எட்டு வாரம், வாரம் இரண்டு நாள், அங்கேயே பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். என்னைத் தவிர எல்லோரும் 60, 70 வயதுக்காரர்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு மற்றவர்களை விடப் பல வருடம் முன்னாலேயே இதய நோய் வருகிறது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். மாத்திரையால் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. முதல் மாதம் வீட்டு மாடிப்படி ஏறுவதே ஏற்காடு ஏறுவது போல இருந்தது. ஒரு நாள் சின்னவன் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனான். அன்று தெருமுனை வரைக்கும் போய் வந்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுவதால் விழக்கூடாது. அதனால் இந்த ஊரில் யாரும் போடாத ஹெல்மெட்டை நான் போட்டுக்கொண்டு போகிறேன்.

இத்தனையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்துக்காக. உங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் ஏற்காட்டுப் பாதையில் அறுபதடிப் பாலத்தில் நிற்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருக்கிறீர்கள், வலது உள்ளங்கை நெஞ்சு நடுவில் அழுந்தியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நீங்கள் எழுதியிருந்தது: 'கொஞ்சம் வாயு, வேற ஒண்ணுமில்ல'.

அப்பா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து கொலுசுப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார், திருமணிமுத்தாற்றுப் பாலத்து ஏற்றத்தில் இறங்கிவிடுவார். நான் முன்பாரில் உட்கார்ந்திருப்பேன், நீங்கள் பின்னால் ஓடி வருவீர்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை நெஞ்சில். 'வாயுடா' என்பார். பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்ததும் ஏப்பம் வரும், சரியாகிவிட்டது என்று நாமும் நம்பினோம். சோடாவால் இல்லை அண்ணா, நின்றதால்தான் விட்டது. 51 வயதில் போய்விட்டார். உங்களுக்கு இந்தத் தை வந்தால் 49.

திங்கட்கிழமை கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு இதய மருத்துவரிடம் போங்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையானாலும் சரி, தனியாரானாலும் சரி, பணத்தை நான் அனுப்புகிறேன். 'ஏற்றத்தில் வருகிறது, நின்றால் விடுகிறது, எங்கள் அப்பா 51-ல் போனார், தம்பிக்கு 43-ல் ஸ்டென்ட்' என்று இந்த நான்கையும் அப்படியே சொல்லுங்கள். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால் வந்துவிடாதீர்கள், அடுத்து என்ன பரிசோதனை என்று கேளுங்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பிடித்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு நான் நேரில் வந்து சொல்கிறேன்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அது வரும்வரை அடிவாரத்தைத் தாண்டிச் சைக்கிளை ஏற்றாதீர்கள். கன்னங்குறிச்சி ஏரிவரைக்கும் கூட வேண்டாம். உங்கள் கூட்டத்தில் கேட்டால் தம்பி சத்தியம் வாங்கியிருக்கிறான் என்று சொல்லுங்கள்.

தை மாதம் மூன்று வாரம் லீவு போட்டிருக்கிறேன். அப்பா சைக்கிளின் பின்சக்கர டியூப் போயிருக்கும், மாற்றி வையுங்கள். இரண்டு பேரும் அதைத் தள்ளிக்கொண்டே அந்தப் பாலம்வரை நடந்து போய்வரலாம்.

உங்கள் தம்பி