பழைய பாடத்தைப் புதிதாகத் தொடங்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலி பற்றி நீ எழுதியிருப்பதை மட்டும் நான் முழுதாக நம்பவில்லை. நீ "பரவாயில்லை" என்றால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது விடுதி நாளிலேயே எனக்குப் பழக்கம். ஒழுங்காக டாக்டரைப் பார்.

பம்பிலும் மோட்டாரிலும் அதிர்வு சென்சார் மாட்டிவிட்டார்கள், திரையில் என்னென்னவோ கோடு ஓடுகிறது, அதைப் படிக்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தை, அதாவது நேரத்தோடு மாறும் அளவுகளும் (சிக்னல்) அவற்றை வாங்கி மாற்றித் தருபவையும் (சிஸ்டம்) பற்றிய பாடத்தை, அடியிலிருந்து படிக்கப்போகிறேன், எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்கிறாய். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பைப் பார்த்து "காற்றில் கணக்குப் போடுகிறவர்கள்" என்று கிண்டல் செய்த மெக்கானிக்கல்காரன் நீ! போகட்டும், பழிவாங்காமல் பதில் எழுதுகிறேன்.

நாங்கள் படித்த வரிசையில் நீ படிக்காதே. எந்தப் பாடநூலை எடுத்தாலும் முதல் அத்தியாயம் சிக்னல்களுக்கு ஜாதகம் கணிக்கும்: இரட்டையா ஒற்றையா, ஆற்றல் வகையா திறன் வகையா, காலமுறை உண்டா இல்லையா. ஒரு மாலைப்பொழுதில் புரட்டிவிட்டுத் தாண்டிப் போ. அடுத்து, உயரம் முடிவிலி, அகலம் பூஜ்யம், பரப்பு மட்டும் ஒன்று என்று டெல்டா ஃபங்க்ஷன் வந்து நிற்கும். அதன் தொகையிடலில் சிக்கிப் பாதிப் பேர் அங்கேயே படுத்துவிடுவார்கள். நீ அதைப் பிறகு பார்த்துக்கொள். தொடர் சிக்னலைத் தள்ளிவைத்து, எண்களின் வரிசையாக வரும் டிஸ்கிரீட் சிக்னலில் ஆரம்பி. உன் சென்சார் தருவதும் எண்களின் வரிசைதானே.

உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, அது எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று பார்ப்பீர்களே, அந்தச் சோதனைதான் எங்கள் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு தட்டுக்கு இயந்திரம் அடுத்தடுத்த நொடிகளில் 4, 2, 1 என்று அசைந்து அடங்குகிறது என்று வைத்துக்கொள். இப்போது முதலில் ஒரு தட்டு, அடுத்த நொடியில் அதைவிட மூன்று மடங்கு பலமாக இன்னொரு தட்டு. என்ன நடக்கும்? முதல் தட்டுக்கு 4, 2, 1. இரண்டாவதற்கு ஒரு நொடி தள்ளி 12, 6, 3. நொடிக்கு நொடி கூட்டினால் 4, 14, 7, 3. கன்வல்யூஷன் என்பது இவ்வளவுதான். வகுப்பில் ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, பெருக்கிக் கூட்டு என்று சொல்லித்தருவார்கள். விடை சரியாக வரும். ஏன் திருப்புகிறோம் என்பது பரீட்சை முடிந்தும் விளங்காது. தட்டுகளாகப் பிரித்துக் கூட்டிப் பார், திருப்புவது தானாகப் புரியும்.

அந்தக் கணக்கில் நான் இரண்டு அனுமானங்களைச் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறேன். மூன்று மடங்கு தட்டினால் மூன்று மடங்கு அசையும், இரண்டு தட்டின் விளைவுகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. அதை லீனியர் என்பார்கள். இன்று தட்டினாலும் நாளை தட்டினாலும் பதில் ஒன்றே என்பது மற்றது; டைம் இன்வேரியண்ட். பாடம் முழுக்க இந்த இரண்டு கால்களில்தான் நிற்கிறது. இவை இருந்தால் ஒரே ஒரு தட்டின் பதிலை வைத்துக்கொண்டு, எப்படிப்பட்ட உள்ளீட்டுக்கும் வெளியீடு என்னவென்று சொல்லிவிடலாம்.

இனி நான் சொல்வதை இரண்டு முறை படி. இந்தச் சிஸ்டத்துக்குள் ஒரு சைன் அலையை அனுப்பு. வெளியே வருவது என்ன? அதே சைன் அலையின் நகல்கள், சில நகர்ந்து, சில பெருகி, சில சுருங்கி, ஒன்றாகக் கூட்டப்பட்டவை. ஒரே அதிர்வெண் உள்ள சைன் அலைகளை எப்படி நகர்த்திக் கூட்டினாலும் அதே அதிர்வெண்ணில் இன்னொரு சைன் அலைதான் கிடைக்கும். உயரம் மாறலாம், கொஞ்சம் பின்தங்கி வரலாம், உருவம் மாறாது. சதுர அலைக்கோ முக்கோண அலைக்கோ இந்த யோகம் இல்லை. ஆகவே ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இரண்டே எண்கள் போதும்: எத்தனை மடங்கு, எவ்வளவு பின்தங்கல். கன்வல்யூஷன் என்ற நீண்ட கூட்டல், வெறும் பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது. சிக்னலைச் சைன் அலைகளாக உடைப்பதன் காரணம் இதுதான். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை. அப்படி உடைக்கும் சூத்திரமான ஃபூரியர் தொகையிடலைத் தலைகீழாக ஒப்பித்துக்கொண்டே பட்டம் வாங்கியாயிற்று.

ஃபூரியர் யார் தெரியுமா? உங்கள் ஆள். அவர் ஆராய்ந்தது திடப்பொருளில் வெப்பம் பரவுவதை. 1807-இல் பாரிஸில் அந்தக் கட்டுரையைக் கொடுத்தபோது, எந்த வளைவையும் சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதலாம் என்பதைக் கணிதவியலாளர் லக்ராஞ்ச் ஏற்றுக்கொள்ளவில்லை. புத்தகமாக வெளிவர 1822 ஆனது. லக்ராஞ்சின் சந்தேகம் முழுக்க வீண் இல்லை. சதுர அலையை எத்தனை சைன்களால் கட்டினாலும், தாவும் இடத்துக்குப் பக்கத்தில் தாவலின் அளவில் சுமார் 9 சதவீதம் எகிறி நிற்கும். சைன்களைக் கூட்டக் கூட்ட அந்த எகிறல் ஒடுங்கி ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளுமே ஒழிய, உயரத்தில் குறையாது. கிப்ஸ் பெயரில் அதைச் சொல்கிறோம். உன் திரையில் கூர்மையான ஓரத்தருகே சின்னச் சின்ன அலைகள் தெரிந்தால் உடனே இயந்திரத்தைச் சந்தேகிக்காதே. சில அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரின் வேலையாகவும் இருக்கலாம்.

சைன் உள்ளே போனால் அதே சைன்தான் வெளியே வரும் என்றேன் அல்லவா, அதைத் திருப்பிப் பார். லீனியர், டைம் இன்வேரியண்ட் சிஸ்டத்தால் புதிதாக ஓர் அதிர்வெண்ணை உண்டாக்கவே முடியாது. உன் பம்ப் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. சமநிலை இல்லாத சுழலி 25 ஹெர்ட்ஸில் தள்ளுகிறது. அடித்தளம் இறுக்கமாக, ஒழுங்காக இருந்தால் சென்சாரிலும் 25-தான் பெரிதாகத் தெரிய வேண்டும். 25, 50, 75, 100 என்று அதிர்வெண் வரைபடத்தில் (ஸ்பெக்ட்ரம்) வரிசையாக உச்சிகள் முளைத்திருந்தால், ஒன்று தள்ளுகிற விசையிலேயே அவை இருக்கின்றன, அல்லது நடுவில் ஏதோ லீனியராக இல்லை. போல்ட் தளர்ந்து, பாதம் ஒவ்வொரு சுற்றிலும் தூக்கித் தூக்கி இடிக்கிறதா என்று போய்ப் பார். "சுழல்வேகத்தின் இரட்டிப்பில் உச்சி என்றால் இணைப்பு நேர்கோட்டில் இல்லையா பார், நிறைய மடங்குகள் என்றால் தளர்வைப் பார்" என்று உன் கையேடு பட்டியல் போட்டிருக்கும். பட்டியலை மனப்பாடம் செய்கிறவனுக்கும், தளர்வு ஏன் மடங்குகளை உண்டாக்குகிறது என்று தெரிந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. பட்டியலில் இல்லாதது வரும் நாளில் அது தெரியும்.

அடுத்து வரும் லாப்லாஸ் உருமாற்றம், வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றும் வழி; அதற்குப் பயப்படாதே. நிறை, ஸ்பிரிங், டேம்பர் சமன்பாட்டைக் கரைத்துக் குடித்தவன் நீ. அதன் மூலங்கள்தான் எங்கள் போல்கள்: மெய்ப்பகுதி எவ்வளவு வேகமாக அடங்கும் என்கிறது, கற்பனைப்பகுதி எந்த வேகத்தில் ஆடும் என்கிறது. இசட் உருமாற்றம் இதன் டிஸ்கிரீட் தம்பி. இரண்டுக்கும் இப்போது இது போதும்.

சாம்பிளிங்கில், அதாவது சிக்னலைச் சம இடைவெளியில் அளந்து எண்களாக எடுப்பதில், மட்டும் அவசரப்படாதே. உன்னைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் அது. சிக்னலில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும் என்ற விதியை நைக்விஸ்ட் பெயரிலும் ஷானன் பெயரிலும் சொல்வார்கள். ரஷ்யாவில் கொத்தெல்னிக்கவ் 1933-லேயே எழுதிவிட்டார். மீறினால் என்ன ஆகும் என்பதை உன் பம்பிலேயே காட்டுகிறேன். நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரில் ஐந்து இறக்கைகள் என்றால், நொடிக்கு 25 சுற்றில் 125 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு இருக்கும். சென்சார் நொடிக்கு 200 சாம்பிள் மட்டும் எடுக்கிறது என்று வை. 125 திரையில் 125-ஆக வராது. 200-இல் கழித்து 75-ஆக வந்து உட்காரும். சுழல்வேகத்தின் சரியான மும்மடங்கு! பார்க்கிறவன் தளர்வு என்று எழுதிப் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருப்பான். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் குறை. உண்மையான மும்மடங்கு உச்சி கூடவே இறங்கும். வேஷம் போட்டு வந்தது ஏறும். 1440 சுற்றுக்கு இறக்கினால் உண்மையானது 72-க்கு வரும், போலி 80-க்குப் போகும். மருந்து என்னவோ சாம்பிள் எடுப்பதற்கு முன்பே உயர் அதிர்வெண்களை வெட்டும் அனலாக் ஃபில்டர்தான். எண்களாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. விற்பவர்கள் முடியும் என்பார்கள்.

இன்னொன்று, எத்தனை நொடி பதிவு செய்கிறாய் என்பது. வேகமாகச் சாம்பிள் எடுத்தால் ஸ்பெக்ட்ரம் நுட்பமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் கூடினால் எவ்வளவு உயரம்வரை தெரியும் என்பதுதான் கூடும். அருகருகே உள்ள இரண்டு உச்சிகளைப் பிரித்துக் காட்டுவது பதிவின் நீளம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடும் மோட்டாரை எடுத்துக்கொள். சுழல்வேகத்தின் நான்கு மடங்கு 98.67 ஹெர்ட்ஸ், மின்காந்த இழுப்பால், மின்சாரத்தின் இருமடங்காக, வருவது 100. முதலாவதற்கு ஸ்பேனர் தூக்க வேண்டும், இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அரை நொடிப் பதிவில் படிகள் 2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும், இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். பத்து நொடி பதிவு செய், தனித்தனியாக நிற்கும். காத்திருக்கத்தான் வேண்டும், இதில் குறுக்குவழி இல்லை.

கணக்கு போடும் நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1965-இல் கூலியும் டூக்கியும் எழுதிய எஃப்.எஃப்.டி. வழி, சைன் அலைகளாக உடைக்கும் கணக்கை வேகமாகப் போடும் வழி, இருக்கிறது. 1024 புள்ளிகளுக்கு நேர்வழியில் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். அவர்கள் வழியில் அது பத்தாயிரம் அளவுக்கு இறங்கிவிடும். கணித மேதை காஸ் சிறுகோள்களின் பாதையைக் கணிக்கும்போதே இதே யுக்தியைக் கையாண்டிருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்த மனிதர் எதைத்தான் விட்டுவைத்தார்!

உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: "இரைச்சல் அதிகம் என்று மென்பொருள் பையன் 40 புள்ளி சராசரி போட்டு வழவழப்பாக்கிக் கொடுத்திருக்கிறான்." நொடிக்கு 1000 சாம்பிள் என்றும் சொல்கிறாய். நண்பா, 1000-ஐ 40-ஆல் வகு. 25. நாற்பது சாம்பிளில் 25 ஹெர்ட்ஸ் அலை சரியாக ஒரு முழுச் சுற்று முடிக்கிறது. மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே, கூட்டினால் பூஜ்யம். 50-க்கும் அதே கதி, 75-க்கும் அதே கதி. பம்பின் சுழல்வேகத்தையும் அதன் எல்லா மடங்குகளையும் அந்தச் சராசரி துடைத்து எடுத்துவிடும். திரை அமைதியாகத்தான் இருக்கும், பம்ப் பிய்ந்து போகும்வரை. பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பான். கோபித்துக்கொள்ளாமல், சராசரி போடாத மூலப் பதிவைக் கேட்டு வாங்கு.

என் செய்தி என்ன பெரிதாக. வகுப்பு எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். காது கொஞ்சம் மந்தம், போன மாதம் சோதித்தார்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 வரை ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்க வைத்து, எங்கே கேட்கிறது எங்கே கேட்கவில்லை என்று புள்ளி வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த ஃப்ரீக்வன்ஸி ரெஸ்பான்ஸ், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு கடக்கும் என்ற கோடு, இந்த முறை என்னுடையது! 2000 வரை சமதளம், அதற்கு மேல் சரிவு. வீட்டில் "நான் சொல்வது எதுவும் உங்களுக்குக் கேட்பதே இல்லை" என்று இத்தனை நாள் வாய்வார்த்தையாக இருந்தது, இப்போது எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைத்துவிட்டது. நீ ஃபோனில் பேசினால் 'ஸ'-வும் 'ஃப'-வும் எனக்கு ஒன்றாகத்தான் விழும். பழைய தொலைபேசித் தடம் 3400-க்கு மேல் எதையும் விடாது, மீதியை என் காது வெட்டிவிடும். அதனால் கடிதமே எழுது.

அடுத்த கடிதத்தோடு ஒரு பம்பின் மூலப் பதிவை அனுப்பு, பத்து நொடிக்குக் குறையாமல். நொடிக்கு எத்தனை சாம்பிள், சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் அனலாக் ஃபில்டர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை ஹெர்ட்ஸில் வெட்டுகிறது, இம்பெல்லரில் எத்தனை இறக்கை, இவற்றையும் குறித்து அனுப்பு. முடிந்தால் இயந்திரம் நிற்கும்போது சுத்தியலால் தட்டி எடுத்த பதிவு ஒன்றும் வேண்டும். ஒரு முறை ரப்பர் முனை, ஒரு முறை உலோக முனை. ரப்பர் நீண்ட நேரம் ஒட்டியிருப்பதால் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் எழுப்பும், உலோகம் சட்டென்று விலகுவதால் மேலேயும் எழுப்பும். இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீயே முதலில் பார், என்ன தெரிகிறது என்று எழுது. பிறகு நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்