சிறையில் இருக்கும்போதே ஓகேயூ அட்டை வழங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகன் சிறையில் இருந்தபோது இனிப்புநீர் நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். அதன் பிறகும் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்து தையல் கற்றான். ஒற்றைக் காலால் இயந்திரத்தை மிதித்துப் பழகினான். சான்றிதழோடு வெளியே வந்தவனிடம், மாற்றுத்திறனாளி என்று சமூகநல இலாகா பதிவுசெய்து தரும் ஓகேயூ அட்டை மட்டும் இல்லை. அது இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு எங்கே போய் நிற்பது? மருத்துவர் சான்று, படிவம், சமூகநல இலாகா என்று அவனைத் தாங்கிப் பிடித்தபடி படியேறி இறங்கியவர் எழுபது வயதான என் அண்ணிதான்.

குற்றம் செய்தவனுக்கு உதவியா என்று உறவினர்களே கேட்கிறார்கள். தண்டனையை அவன் அனுபவித்து முடித்துவிட்டான். கால் போனது தண்டனையில் சேர்த்தி இல்லையே!

நம் மலேசியாவில் 2008ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது. 2010இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டோம். சிறைப்பட்டிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய வசதிகள் வேண்டும் என்று அதன் 14ஆவது பிரிவு கூறுகிறது.

சிறையில் மருத்துவர் இருக்கிறார், கைதியின் அடையாள விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. விடுதலைக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே சமூகநல அதிகாரி அங்கு சென்று பதிவை முடிக்கலாம். முன்பு வேலை செய்து சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திற்குச் சந்தா கட்டியவராக இருந்தால், இயலாமை ஓய்வூதியத்திற்குத் தகுதி உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பினாங்கில் இதைத் தொடங்கும்படி சிறைச்சாலை இலாகாவையும் சமூகநல இலாகாவையும் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு