ஏழில் ஐந்து போதாது: நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் ஜூரி விசாரணை பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜூரிகளாக உட்காரும் பொதுமக்கள் ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த மொழி ஜூரி என்று தெரிவு செய்வதும் எதிரிதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்தான். செத்தவரின் குடும்பத்தை யாரும் கேட்பதில்லை.

திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று பெண்கள், பிள்ளைகள் உட்படத் தமிழர் 24 பேர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். எதிரிகளின் பாதுகாப்புக் கருதி வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகளின் பாதுகாப்பை யார் கருதினார்கள்? உயிர் தப்பியவர்கள் இருபது வருடத்துக்குப் பிறகு அங்கே போய், கூண்டில் ஏறி, தங்கள் வீட்டுச் சாவுகளை அந்நியர் முன்னால் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். 2016 ஜூலை 27 அன்று ஜூரியின் தீர்ப்பால் எதிரிகளான ஆறு முன்னாள் இராணுவக் கோப்ரல்களும் விடுதலை. தங்கள் பேச்சு ஏன் நம்பப்படவில்லை என்று அந்தச் சனத்துக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. நீதிபதி எழுதிய தீர்ப்பென்றால் இன்ன இடத்தில் பிழை என்று காட்டலாம். இங்கே எதைக் காட்டுவது?

அதே ஆண்டு டிசம்பர் 24, நள்ளிரவு கடந்த நேரம். 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கில் சிங்கள மொழி ஜூரி ஐந்து எதிரிகளையும் விடுவித்தது.

அந்த ஜூரிகள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. போர்க்காலம் முழுக்க எந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்தோமோ, அந்தக் காதால்தான் சாட்சியத்தையும் கேட்போம். நானும் அப்படித்தான். அதனால்தான் பல இனத்தவரும் இருக்கும் கலப்பு ஜூரி கேட்கிறோம், ஒருமனதான தீர்ப்பும் கேட்கிறோம். தமிழரோ முஸ்லிமோ இருவர் இருந்தாலும், ஐந்து போதும் என்றால் மற்றவர்கள் அவர்களோடு வாதாடவே தேவையில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1898இல் இதைத்தான் செய்தது: கறுப்பின ஜூரிகள் ஓரிருவர் வந்தாலும் அவர்கள் குரல் எடுபடக்கூடாது என்று, பன்னிரண்டில் ஒன்பது போதும் என்றது. பாரதூரமான குற்றங்களில் ஒருமனதில்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் முடித்துவைத்தது. நாளை ஒரு தமிழ் இளைஞன் எதிரிக் கூண்டில் நின்றாலும் அவனைக் காப்பதும் இந்த ஒருமனதுதான்.

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000இல் தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் ஜூரி இல்லை. நீதிபதிகள் விசாரித்தார்கள், காரணம் எழுதினார்கள், 2015இல் ஒரு இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020இல் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். எட்டு உயிருக்குக் கிடைத்த ஒரேயொரு தீர்ப்பையும் ஒரு கையெழுத்து அழித்தது. எத்தனை ஆணைக்குழுக்கள் முன்னால் எங்கள் தாய்மார் படங்களோடு போய் நின்றிருப்பார்கள்! சரி, அது இன்னொரு மடலுக்கான விடயம்.

ஐயா, தயவாகக் கேட்கிறேன். படையினர் எதிரிகளாகவும் சிறுபான்மையினர் பாதிக்கப்பட்டவர்களாகவும் உள்ள வழக்குகளில் கலப்பு ஜூரி இருக்கட்டும், ஏழு பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லட்டும். அதற்கு உங்களுக்கு மனமில்லை என்றால், அந்த வழக்குகளை நீதிபதிகளிடம் கொடுத்து, காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். குற்றவியல் நடவடிக்கைக் கோவையில் இதற்கான திருத்தத்தை எப்போது பாராளுமன்றத்துக்குக் கொண்டு வருவீர்கள் என்று அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு பிரசை